பத்துச் சேலை, நாற்பத்து நாலு மணித்தியாலம்

எங்கள் வட்டத்தில் இப்போது கனபேருக்கு ஒரு 'பேஜ்' இருக்கிறது. இன்ஸ்டாகிராமில், இல்லாட்டி பேஸ்புக்கில், இல்லாட்டி இரண்டிலும். பகலில் டியூட்டரியில் பேப்பர் திருத்துகிறோம், போன் கடைக் கவுண்டரில் நிற்கிறோம், சுப்பர்மார்க்கெட்டில் பில் அடிக்கிறோம். மிச்ச நேரத்தில் அம்மம்மா காலத்துச் சேலைகளையும் பித்தளைச் சாமான்களையும் பழைய கைப்பைகளையும் படம் பிடித்துப் போட்டு விற்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டில் யாராவது "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டால், "பார்ட் டைம் வேலை, பக்கத்தில சின்ன பிசினஸ்" என்று சொல்லுவோம். கேட்டவர் "கெட்டிக்காரப் பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போவார்.

அந்தப் பாராட்டோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. இருபத்திரண்டு வயது ஆளுக்கு ஏன் இரண்டு வேலை தேவைப்படுகிறது என்ற கேள்வியை அது மெதுவாக மூடிவிடுகிறது. இன்னொன்றையும் மூடுகிறது. அந்த இரண்டாவது வேலையை உண்மையில் யார் யார் செய்கிறார்கள், எத்தனை மணித்தியாலம் செய்கிறார்கள் என்பது வெளியில் தெரிவதில்லை.

இந்தக் கடைகள் வானத்திலிருந்து விழவில்லை. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 க்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. புது உடுப்பு வாங்குவது வீட்டுக் கணக்கிலிருந்து முதலில் வெட்டப்பட்ட செலவு. அதற்கு முதல் 'செக்கன்ட் ஹாண்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள், 'த்ரிஃப்ட்' என்றும் 'வின்டேஜ்' என்றும் சொன்னபோது திரும்பிப் பார்த்தார்கள். சொல் மாறினால் விலையும் மாறும். அதே பருத்திச் சேலை 'பழசு' என்றால் 500 ரூபா, 'வின்டேஜ்' என்றால் 3,500. இதை நாங்கள் பகிடியாகச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் தொழிலே நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் வின்டேஜ் என்றால் என்ன? மற்ற ஊர்களில் பரணைத் திறந்தால் சாமான் கொட்டும். இங்கே அப்படி இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டது. ஒரு பையில் என்ன கொள்ளுமோ அதுதான் மிஞ்சியது. கூறைச்சேலையும் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் ஒரே பையில் போன கதை பல வீடுகளில் உண்டு. ஆகவே இங்கே ஒரு எழுபதாம் ஆண்டுச் சேலை கிடைத்தால், அது குறைந்தது ஒரு இடப்பெயர்வையாவது தாண்டி வந்த சேலை. அதன் மடிப்பில் அந்துருண்டை மணத்தோடு வேறு சிலதும் இருக்கும்.

கிடைக்கிறவற்றை வைத்தே ஒரு காலக்கோடு போடலாம். நைலெக்ஸ் அறுபது எழுபதுகளின் ஆசை. 1970 க்கும் 77 க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்துக் கைத்தறிச் சேலைகள் தடிப்பாக, கரை எளிமையாக இருக்கும். 77 க்குப் பிறகு கதவு திறந்ததும் வந்த வெளிநாட்டுத் துணிகள் நிறத்திலேயே தெரியும். தொண்ணூறுகளில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பெட்டியில் வந்த ஜோர்ஜெட், கட்டாமலே கிடந்ததால் இன்றைக்கும் புதுசு போல. பாத்திரம் என்றால் மூக்குப்பேணி, செம்பு, பாக்குவெட்டி. மூக்குப்பேணிக்கு வெளிநாட்டிலிருந்து கேட்கிறவர்கள்தான் அதிகம். அதில் வாய் படாமல் குடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிலும் குறைவு என்று நினைக்கிறோம், அது வேறு கதை.

இந்த அறிவு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. துணியை விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தே பட்டா, கலப்பா என்று சொல்ல முடிகிறது. ஒரு அம்மம்மாவிடம் சேலை வாங்கப் போய் இரண்டு மணித்தியாலம் கதை கேட்டு வருகிறோம். எந்தப் பார்ட் டைம் வேலையும் இதைத் தராது. அதனால் 'கடையை மூடுங்கோ' என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பத்துச் சேலை என்று வைத்துப் பார்ப்போம். ஒன்று 1,500 ரூபாவுக்கு வாங்குகிறோம், மொத்தம் 15,000. சவர்க்காரம், ஃபோல்ஸ் துணி, சிலதுக்கு ட்ரை கிளீனிங் எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒன்றுக்கு 300, அது 3,000. பத்தில் ஆறு நல்ல விலைக்குப் போகும், 3,800 படி 22,800. இரண்டை வாங்கின விலைக்கே தள்ளிவிடுவோம், 3,000. இரண்டு அலுமாரியில் தூங்கும். பொதி செய்யிற செலவு ஒன்றுக்கு 120 படி எட்டுக்கு 960. டிலிவரிக் காசு வாங்குகிறவருடையது. எல்லாம் கழித்தால் கையில் 6,840 ரூபா. இதைப் பார்த்துத்தான் சந்தோசப்படுகிறோம். வேலைக்குப் பக்கத்தில் மாதம் ஏழாயிரம் சும்மாவா?

இனி மணித்தியாலம். தேடிப் போய், பேசி, வாங்கி வர ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம். தோய்த்து, நிழலில் காயவைத்து, கறை பார்த்து, அயர்ன் பண்ண 50 நிமிடம். படம் எடுத்து, நீளம் அளந்து, இரண்டு வரி எழுதிப் போட அரை மணித்தியாலம். பத்துக்கும் சேர்த்து 23 மணித்தியாலம் 20 நிமிடம். விற்பனையான எட்டுப் பேரோடு கதைக்க ஆளுக்கு முக்கால் மணித்தியாலம், 6 மணித்தியாலம். பொதி செய்து கொண்டுபோய்க் கொடுக்க எட்டுக்கும் 5 மணித்தியாலம் 20 நிமிடம். கடைசியில் வாங்காதவர்கள். "விலை என்ன?", "கடைசி விலை?", "வேற நிறம் இருக்கோ?" (ஐம்பது வருடப் பழைய சேலைக்கு வேற நிறம்!), "யோசிச்சிட்டுச் சொல்லுறன்". இவர்களுக்கு மாதம் பத்து மணித்தியாலம் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு. மொத்தம் 44 மணித்தியாலம் 40 நிமிடம்.

6,840 ஐ இதால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 153 ரூபா.

இந்த எண்ணை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, நாட்டின் ஆகக்குறைந்த சம்பளத்தைப் பாருங்கோ. 2026 ஜனவரியிலிருந்து அது மாதத்துக்கு 30,000, நாளுக்கு 1,200. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 150. அதாவது 'உனக்கு நீயே முதலாளி' என்று சொல்லப்படுகிற வேலை எங்களுக்குத் தருவது, சட்டம் ஒரு முதலாளியை வற்புறுத்திக் கொடுக்க வைக்கிற ஆகக்குறைந்த கூலியைவிட மூன்று ரூபா கூட. அதற்கு மேல் சேமலாப நிதி இல்லை, லீவு இல்லை, காய்ச்சல் வந்தால் வருமானம் இல்லை. காசு கையில் வாங்கும் முறையில் அனுப்பின ஒரு பொதியை "வீட்டில ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் போக வரச் செலவு எங்கள் தலையில். அப்போது 153 உம் இல்லை.

அதிலும் அந்த 50 நிமிடம் இருக்கிறதே, தோய்க்கிறதும் அயர்ன் பண்ணுறதும். பத்துச் சேலைக்கு அது எட்டு மணித்தியாலத்துக்கு மேல். அதைச் செய்கிறது யார்? நாங்கள் வேலைக்குப் போன பிறகு அம்மா செய்கிறா. பட்டைச் சவர்க்காரத் தூளில் போடக்கூடாது என்று அவவுக்குத்தான் தெரியும். ஃபோல்ஸ் தைக்கிறது பெரியம்மா. பொதி கட்டுகிறது தங்கச்சி, அதுவும் ஓ.எல். படிக்கிற பிள்ளை. 'தனி ஒருத்தியாக நடத்துற கடை' என்று பேஜில் எழுதியிருப்போம். அந்த ஒருத்திக்குப் பின்னால் மூன்று பேர் சம்பளமில்லாமல் நிற்கிறார்கள். 'குடும்ப உதவி' என்று சொல்லலாம்தான். ஆனால் உதவி என்று சொல்லிவிட்டால் அது கணக்கில் வராது, கணக்கில் வராவிட்டால் கடை இலாபத்தில் ஓடுவதாகவே தெரியும்.

ஆகவே எங்கள் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறோம். கடைதான் வேலையிலிருந்து எங்களை விடுவிக்கப் போகிறது என்ற கதை தலைகீழானது. இப்போதைக்கு வேலைதான் கடையைச் சுமக்கிறது. சேலை வாங்க முதல் போடுகிறது பார்ட் டைம் சம்பளம். விற்காமல் கிடக்கிற இரண்டையும் தாங்குகிறது அதே சம்பளம். 'வேலையை விட்டுட்டு முழுசா இறங்குங்கோ' என்று மேடையிலும் ரீல்ஸிலும் சொல்கிறவர்களுக்கு அடுத்த மாத வாடகை யார் கட்டுகிறார்கள் என்று ஒருக்கா விசாரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பார்ட் டைம் வேலை ஏதோ புனிதமானது என்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த இடங்களில் ஒரே வசனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது: "பார்ட் டைம் ஆக்களுக்கு ஈ.பி.எஃப். இல்லை." இது பிழை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று ஆள் பார்ப்பதில்லை. நீங்கள் ஊழியர் என்றால் உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். அதைவிட நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். மாதம் 15,000 வாங்குகிற பார்ட் டைம் ஆளுக்கு முதலாளி பக்கத்திலிருந்து மட்டும் 2,250 வரவேண்டும். மேலே போட்ட கணக்கின்படி அது மூன்றில் ஒரு பங்கு சேலைக்கடை. பதினைந்து மணித்தியாலம் வட்ஸ்அப்பில் "கடைசி விலை" சொல்லி உழைக்கிற காசு, தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாட்டுப் படிவம் நிரப்பினால் கிடைக்கக்கூடியது. எங்கட ஆக்கள் முதலாவதைச் செய்வார்கள், இரண்டாவதுக்கு வெட்கப்படுவார்கள். 'அங்கிள் குறை நினைப்பார்' என்பார்கள். அங்கிளுக்கு 2,250 மிச்சம்.

வேலை நேர அட்டவணையும் இப்படித்தான். "நாளைக்குக் காலமை வாங்கோ" என்று இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வரும். கடை நடத்துகிற ஆளுக்கு இது சின்ன விசயம் இல்லை, காரணம் வெளிச்சம். சேலையின் நிறம் உண்மையாகத் தெரிய வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே விழாத விறாந்தையில் எடுக்க வேண்டும். லைட் போட்டு எடுத்தால் மெரூன் சிவப்பாகும், வாங்கினவர் திருப்பி அனுப்புவார். ஆனால் பகல் வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் எங்கள் வேலை நேரம். எங்களுக்குக் காசைவிடப் பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். பார்ட் டைம் வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து 'கிழமையில் எந்த ஒரு பகல் எனக்கு நிச்சயம் ஃப்ரீ?' என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குவது நல்லது. பல இடங்களில் கேட்டால் தருகிறார்கள்.

பதில் எழுதுகிற நேரமும் ஒரு பொறி. உடனே பதில் போடாவிட்டால் வாங்குகிறவர் ஓடிவிடுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவுண்டருக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் இன்னும் மோசம். கோடையில் லண்டனில் இரவு ஒன்பது மணி எங்களுக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை, டொரொன்டோவில் இரவு ஒன்பது எங்களுக்குக் காலை ஆறரை. இரண்டு நகரத்துக்கும் பதில் போடுகிற ஆள் எப்போது நித்திரை கொள்கிறது? பழைய சாமான் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது வேண்டுமென்றால் வாங்குகிறவர் மாலை ஏழு மணி வரை பொறுப்பார். 'பதில் மாலை 7 - 8, பார்சல் புதன்கிழமை மட்டும்' என்று பேஜின் மேலே எழுதிவைத்த கடைகள் எங்களுக்குத் தெரிந்து ஒன்றும் மூடவில்லை. அவசரம் என்பது தொழிற்சாலையில் ஆயிரம் உருப்படி அடிக்கிறவனுடைய தொழில் முறை. அதை நாங்கள் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கரைச்சல் இருக்கிறது. ஒரு பெடியன் பழைய கமராவும் ரேடியோவும் விற்றால் ஊர் 'பிசினஸ் செய்யிறான்' என்கிறது. ஒரு பெட்டை சேலை விற்றால் 'பொழுதுபோக்காச் செய்யிறா' என்கிறது. பொழுதுபோக்கு என்று ஆனபிறகு, வேலை முடிந்து வந்ததும் குசினிக்குப் போகச் சொல்லலாம், வீட்டுக்கு ஆள் வந்தால் படம் எடுக்கிறதை நிறுத்தச் சொல்லலாம். சேலையைக் கட்டிக் காட்டினால் நன்றாக விற்கும், அது எல்லோருக்கும் தெரியும். கட்டிக் காட்டினால் இரவு பதினொரு மணிக்கு இன்பொக்ஸில் வருகிற செய்திகள் சேலையைப் பற்றியதாக இருக்காது, அதுவும் எல்லோருக்கும் தெரியும். கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிகிற படங்கள் ஏன் எங்கள் பேஜ்களில் இவ்வளவு என்று கேட்கிற ஆண் நண்பர்களுக்கு இதுதான் பதில்.

இனி வாங்குகிற பக்கம். கொஞ்சம் சங்கடமான இடம், ஆனாலும் விட ஏலாது. எங்கள் இலாபத்தின் பெரும்பகுதி, விற்கிறவருக்கு விலை தெரியாததிலிருந்து வருகிறது. சைக்கிளில் வருகிற பழைய இரும்பு, பித்தளைக்காரர் மூக்குப்பேணியைக் கிலோக் கணக்கில் நிறுத்து எடுப்பார். நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து எடுத்து, தனி உருப்படியாகப் பல மடங்குக்கு விற்போம். 'உருக்கிறதிலிருந்து காப்பாத்துறம்' என்று ஒரு நியாயமும் கையில் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அம்மா ஏன் விற்கிறா? பலநேரம் மருந்துக்கு, இல்லாட்டிக் கரண்ட் பில்லுக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வீட்டை வெறுமையாக்கி விற்கிற குடும்பமும் இதுவும் ஒன்றில்லை. ஒரே பேஜில் இரண்டும் 'யாழ்ப்பாண வின்டேஜ்' என்ற பெயரில்தான் வருகின்றன.

எங்களில் சிலர் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். வாங்கும்போதே "அம்மா, இதை நாங்கள் இன்ன விலைக்குப் போடப்போறம்" என்று சொல்லுவது, விற்றபிறகு ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பது. இலாபம் குறையும். ஆனால் அந்த அம்மா பக்கத்து வீட்டு அலுமாரியைப் பற்றியும் சொல்லுவா, தேடி அலைகிற மணித்தியாலம் குறையும். கணக்குப் பார்த்தால் நட்டம் இல்லை. நட்டம் வந்தாலும் செய்ய வேண்டியது என்றுதான் எங்களில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம், எல்லோரும் இல்லை. மிகப் பழைய சாமான்களில் இன்னொரு கவனம் வேண்டும். 1815 மார்ச் 2 க்கு முந்தியவை தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு 1988 ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. டொரொன்டோ அண்ணா ஆசைப்பட்டார் என்று கோயில் விளக்கைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

வேலையை எப்போது விடலாம் என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. அம்மாவின், பெரியம்மாவின், தங்கச்சியின் மணித்தியாலங்களுக்கும் கூலி போட்டுக் கழித்த பிறகு, ஆறு மாதம் தொடர்ந்து கடை உங்கள் சம்பளத்தைத் தர வேண்டும். மூன்று மாதச் செலவு வங்கியில் கிடக்க வேண்டும். அதுவரைக்கும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வைப்பது பெரிய வேலை இல்லை, கடையின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க அது உதவும். வரியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2025 ஏப்ரலிலிருந்து வேலையும் கடையும் சேர்ந்து வருடத்துக்கு 18 இலட்சம் தாண்டினால்தான் வருமான வரி. எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த மாதம் எங்கள் கணக்குக் கொப்பியில் ஒரு புதுக் கோடு போட்டிருக்கிறோம். வாங்கின விலை, விற்ற விலை இரண்டுக்கும் பக்கத்தில் 'ஆற்ற நேரம்?' என்று ஒரு நிரல். முதல் கிழமையிலேயே அதில் அம்மாவின் பெயர் எங்கள் பெயரைவிட அதிகம் இருந்தது. கொப்பியைப் பார்த்துவிட்டு அவ கேட்டது, "அப்ப எனக்கு எப்ப சம்பளம்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டா. பத்துச் சேலைக்கு 150 படி 1,250 ரூபா. இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும்.